பத்து விநாடியில் பதினொன்று

புரசைவாக்கம் தானா தெருவை ஒட்டிய ஒரு சந்தில் என் அப்பாவுக்கு 38 வருடமாகத் தையல் கடை. ஜாக்கெட் மட்டும்தான் தைப்பார். கடையில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மிஷினில் ஓட்டுகிற வேலையைப் பையன்களிடம் கொடுப்பார். கை ஹெம்மிங்கையும் ஹூக் வைப்பதையும் யாரிடமும் கொடுக்க மாட்டார். முகூர்த்த மாதங்களில் ராத்திரி 11 மணிக்கும் டியூப்லைட்டுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து ஹூக் வைத்துக்கொண்டிருப்பார். ஹூக்கைப் பார்க்கக்கூட மாட்டார். கண் ரேடியோ பக்கம் இருக்கும், விரல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் கடை பெருக்கிய பையன் ஒரு கைப்பிடி ஹூக்கை அள்ளிக்கொண்டு வந்து காட்டினான். எல்லாம் அப்பாவின் ஸ்டூலுக்குக் கீழே கிடந்தவை. "மாஸ்டர், தினமும் இவ்வளவு கிடக்குது" என்றான். அதுதான் முதல் அறிகுறி. அது எங்களுக்கு அன்றைக்குப் புரியவில்லை.

முதலில் கண் என்று நினைத்தோம். ஊசியில் நூல் கோக்கவில்லை என்றால் வேறென்ன நினைப்போம்? கண்புரை இருந்தது, எடுத்தோம். பார்வை தெளிந்தது, ஹூக் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. அடுத்து சுகர். 10 வருடமாகச் சுகர் இருக்கிறது, அதனால் நரம்பு பாதித்திருக்கும் என்று ஒரு மருத்துவர் மாத்திரையும் பி12 ஊசியும் எழுதினார். அப்புறம் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றார்கள், ராத்திரி பட்டை கட்டிக்கொண்டு தூங்கினார். இதற்கு நடுவே கழுத்து இறுக்கமாக இருக்கிறது என்று சலூனுக்குப் போய் எண்ணெய் தேய்த்துச் சொடக்கு எடுத்துக்கொண்டு வருவார். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. உள்ளே தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கிற கழுத்தை ஒருவர் இரண்டு பக்கமும் திருகி முறித்திருக்கிறார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. தயவுசெய்து யாரும் அதைச் செய்துகொள்ளாதீர்கள்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். தினமும் எட்டுப் பத்துக் கழுத்து ஸ்கேன் எடுக்கிறவள். வீட்டில் இருந்த கழுத்தைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்ற வைத்தது ஒரு செருப்பு. ஓட்டேரி பாலத்துக்குப் பக்கத்தில் அப்பாவும் நானும் நடந்துகொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் அவருடைய ஒரு செருப்பு 20 அடி பின்னால் கிடக்கிறது. கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. "எப்போப்பா கழண்டுது?" என்றால், "கழண்டுச்சா?" என்று குனிந்து காலைப் பார்க்கிறார். அப்போதுதான் அம்மா மற்றதையும் சொன்னாள்: முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறார், கரண்ட் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மேலே வந்து சேரவில்லை. அதைக் கண்ணால் பார்த்துச் சரிக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

நரம்பியல் மருத்துவர் ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன்பு ஐந்து நிமிடத்தில் மூன்று காரியம் செய்தார். அப்பாவின் நடுவிரல் நகத்தைச் சட்டென்று சுண்டிவிட்டார். கட்டை விரல் தானாக உள்ளே மடங்கியது. ஹாஃப்மன் குறி என்பார்கள். முழங்காலில் தட்டினார், கால் தேவைக்கு மேல் துள்ளியது. மூன்றாவதாக, "ஐயா, 10 விநாடி, கையை இறுக்க மூடி முழுசா விரிங்க, எவ்வளவு வேகமா முடியுமோ" என்றார். நல்ல கை 20 முறையாவது செய்யும். அப்பா 11 முறை செய்தார். 50,000 ஜாக்கெட்டாவது தைத்திருக்கும் அந்தக் கை, விரல்களைத் தண்ணீருக்குள் விரிப்பதுபோல மெதுவாக விரித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்யும் சென்டரிலேயே ஸ்கேன் எடுத்தோம். அரைஞாண் கயிற்றில் இருந்த வெள்ளித் தாயத்தை அவிழ்த்து அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். கழுத்தில் சிக்னல் பிடிக்கும் கருவியான காயில் (coil) வைத்து, காதில் பஞ்சு வைத்து, கையில் பஸ்ஸரைக் கொடுத்து உள்ளே அனுப்பியது நான்தான். கன்சோலில் படம் வந்தது. அந்தப் படத்தில் தண்டுவடம் சாம்பல் நிற நாடாவாகத் தெரியும். அதன் இரண்டு பக்கமும் மூளைத் தண்டுவட நீர் வெள்ளைக் கோடாக ஓடும். அப்பாவுக்கு ஐந்தாவது, ஆறாவது எலும்புக்கு நடுவில் அந்த வெள்ளைக் கோடு இரண்டு பக்கமும் இல்லை. முன்னாலிருந்து டிஸ்க்கும் எலும்பு முளையும், பின்னாலிருந்து தடித்த தசைநாரும் நெருக்கியிருந்தன. நாடா இடுப்புப் பிடித்த ஜாக்கெட் மாதிரி உள்வாங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அந்தப் புள்ளி தண்டுவடத்துக்குள்ளேயே சேதம் தொடங்கிவிட்டதன் அடையாளம். கழுத்தில் தண்டுவடம் இறங்கும் எலும்புக் கால்வாயின் முன்பின் அகலம் சாதாரணமாக 17, 18 மில்லிமீட்டர் இருக்கும். 13-க்குக் கீழே போனால் குறுகல் என்போம். அதற்குள்தான் சுண்டுவிரல் கனத்தில் தண்டுவடம் இறங்குகிறது, கைக்கும் காலுக்குமான மொத்தப் பேச்சுவார்த்தையும் அதற்குள்தான்.

வெளியே வந்ததும், "என்ன பாப்பா தெரியுது?" என்றார். டெக்னீஷியன் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. "ரேடியாலஜிஸ்ட் பார்த்துச் சொல்லுவாங்கப்பா" என்றேன். அன்று மாலை முழுக்க அந்த விதிக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நோயின் பெயர் நீளமானது: தேய்மானத்தால் வரும் கழுத்துத் தண்டுவடப் பாதிப்பு. மருத்துவர்கள் மைலோபதி என்று சுருக்குவார்கள். எலும்புத் தேய்மானம், டிஸ்க் பிதுக்கம், தசைநார் எலும்பாக மாறுவது என்று தனித்தனியாகப் பேசப்பட்டவற்றை ஒரே பெயருக்குள் கொண்டுவரலாம் என்று 2015-ல் முன்மொழிந்தார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பழுதாவதற்கு உலகம் முழுவதும் முதல் காரணம் இதுதான். ஆனால் நம் ஊரில் "கழுத்துத் தேய்மானம்" என்றால் வலி, காலர், கழுத்தை இழுத்துக் கட்டும் டிராக்ஷன் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அப்பாவுக்குப் பெரிதாக வலியே இல்லை. அதுதான் ஏமாற்றியது. முதல் அறிகுறியிலிருந்து நோயைக் கண்டுபிடிக்க ஆகும் காலம் சராசரியாக 2 வருடத்துக்கு மேல் என்று ஒரு ஆய்வில் பின்னால் படித்தேன். எங்கள் கதை மட்டும் அல்ல என்று தெரிந்தது, ஆறுதலாக இல்லை.

இதற்குப் பிறகு என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு. என் மேஜையில் இப்படிக் கழுத்துகள் நிறைய வருகின்றன. படத்தில் அப்பாவைவிட மோசமாக நசுங்கிய தண்டுவடத்தோடு ஒருவர் படியேறி வந்து பஸ் பிடித்துப் போகிறார். லேசாக அழுந்திய இன்னொருவர் சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்கிறார். எந்த அறிகுறியும் இல்லாத பெரியவர்களின் கழுத்திலும் தண்டுவடம் அழுந்தியிருப்பதைப் பார்க்கிறோம். கழுத்தின் படம் மட்டும் முழுக் கதையையும் சொல்லவில்லை. மீதிக் கதை எங்கே இருக்கிறது?

மேலே இருக்கிறது, மூளையில்.

மூளையில் கட்டி இருப்பவர்களுக்கு அறுவைக்கு முன்பு நாங்கள் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. எடுப்போம். எந்த இடத்தைத் தொட்டால் கை போய்விடும் என்று அறுவை மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். படுத்திருப்பவரிடம், "கட்டை விரலால மத்த விரலை ஒவ்வொண்ணாத் தொடுங்க" என்று சொல்வேன். 30 விநாடி தட்ட வேண்டும், 30 விநாடி சும்மா இருக்க வேண்டும், மறுபடி தட்ட வேண்டும். வங்காளத்திலிருந்து நிறைய நோயாளிகள் சென்னைக்கு வருகிறார்கள். அவர்களுக்காக விரலுக்கு 'ஆங்குல்' என்ற சொல்லைக் கற்று வைத்திருக்கிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், இரத்தத்தில் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப் புலத்தைக் கொஞ்சம் குலைக்கும், ஆக்சிஜன் உள்ளது குலைக்காது. இதை 1936-லேயே பாலிங்கும் கோரியெல்லும் கண்டுபிடித்தார்கள். 1990-ல் செய்ஜி ஒகாவா அதை மூளைப் படத்துக்குக் கொண்டுவந்தார். மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே தேவைக்கு மேலேயே புது இரத்தம் பாய்கிறது, ஐந்தாறு விநாடி கழித்து. அதனால் அந்த இடத்தின் சமிக்ஞை ஒரு சில சதவீதம் ஏறும். அந்தச் சின்ன ஏற்றத்தைக் கணக்குப் போட்டுப் பிரித்தெடுத்து ஆரஞ்சு நிறம் பூசுகிறோம். மூளை அங்கே எரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நிறம் ஒரு புள்ளியியல் கணக்கின் நிறம்.

இதே விரல் தட்டும் சோதனையைக் கழுத்துத் தண்டுவடம் நசுங்கியவர்களிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும், கனடாவில் ஒன்டாரியோவின் லண்டன் நகரிலும் இருந்த குழுக்கள் இதைத் தொடக்கத்திலேயே செய்தவை. லண்டன் குழு 2010-ல் வெளியிட்டதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே விரல், அதே தட்டல், ஆனால் நோயாளிகளின் மூளையில் இயக்கத்துக்கான மடிப்பில் செயல்படும் பரப்பு மற்றவர்களைவிட விரிந்திருந்தது. அடைப்பு கழுத்தில் இருக்கிறது. அதற்கு ஈடுகட்ட மேலே மூளை கூடுதல் இடத்தை வேலைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னது: "தீபாவளிக்கு நம்ம கடையில ஆள் சேர்க்கிற மாதிரி. ஒருத்தன் செய்யற வேலைக்கு மூணு பேரு உக்காருவான். ஜாக்கெட் டயத்துக்குப் போயிடும். கூலி மூணு பேருக்கு."

இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் சாயங்காலமானால் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது: "ஒண்ணும் பெரிசாச் செய்யல, ஆனா அசதியா இருக்கு." வயசாகிவிட்டது என்றோம் நாங்கள். ஒரு ஹூக் வைக்க மூன்று ஹூக்குக்கான உழைப்பை அவர் மூளை போட்டிருக்கக்கூடும் என்று இப்போது தோன்றுகிறது.

மூளை இப்படி இடம் மாற்றிக்கொள்ளும் என்பதை உலகுக்கு எளிமையாகப் புரியவைத்தவர்களில் ஒருவர் நம் ஊர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்ட ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டால், இல்லாத கையின் விரலில் அது தெரிகிறது என்று 1990-களில் காட்டினார். மூளையின் வரைபடத்தில் முகத்துக்கும் கைக்கும் அடுத்தடுத்த வீடு. கையிலிருந்து செய்தி நின்றதும் பக்கத்து வீட்டுக்காரர் காலி இடத்தில் நுழைந்துவிடுகிறார். தையல்காரர் கதையில் கை இருக்கிறது, செய்தி மட்டும் பாதி வழியில் தேய்ந்து வருகிறது. மூளையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள தூரம் நாம் நினைக்கிற அளவு பெரிதல்ல.

விரல் தட்டாமலே எடுக்கும் படங்களும் உண்டு. 1995-ல் பாரத் பிஸ்வால் காட்டினார்: சும்மா படுத்திருக்கும்போதும் மூளையின் இடது, வலது இயக்கப் பகுதிகளின் சமிக்ஞை ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது. இதை ஓய்வுநிலைப் படம் என்போம். எனக்கு இது முக்கியமாகப் படுவதற்குக் காரணம், கை ரொம்ப மோசமானவரிடம் தட்டச் சொல்ல முடியாது. சும்மா படுத்திருக்கச் சொல்லலாம். சீனாவிலிருந்து இந்த வகை ஆய்வுகள் நிறைய வருகின்றன. கை கால் பகுதிகளில் மட்டும் அல்லாமல், சிறுமூளையிலும் பார்வைப் பகுதியிலும்கூட மாற்றம் தெரிவதாகச் சொல்கிறார்கள். பார்வைப் பகுதி என்று படித்ததும் எனக்குக் குளியலறையில் கண்ணை மூடித் தள்ளாடிய அப்பாதான் ஞாபகம் வந்தார். காலைக் கண்ணால் பார்த்து நடந்தவர் அல்லவா. இரண்டையும் முடிச்சுப் போடுவது என் ஊகம்தான், ஆனால் அந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை.

லண்டன் குழுவிலிருந்து 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு படத்தோடு நிற்கவில்லை, இரசாயனத்தையும் அளந்தது. என்.ஏ.ஏ. என்று ஒரு பொருள் நரம்பணுக்களின் நலத்துக்கு அடையாளம். நோயாளிகளின் இயக்கப் பகுதியில் அது குறைந்திருந்தது. அழுத்தம் கழுத்தில், வாட்டம் தலையில்.

சரி, அப்படியானால் அப்பாவையும் ஒரு நாள் படுக்க வைத்து விரல் தட்டச் சொல்லலாமே என்று எனக்கும் தோன்றியது. மெஷின் இருக்கிறது, கை இருக்கிறது. செய்யவில்லை. அந்த ஆய்வுகள் பேசுவது குழுக்களின் சராசரியை. தனி ஒருவரின் படத்தை வைத்து இவருக்கு நோய் இவ்வளவு என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. மூளையின் செயல்பாடு கூடியிருக்கிறது என்று ஒரு குழு சொல்கிற இடத்தில், குறைந்திருக்கிறது என்கிறது இன்னொரு குழு. பலமில்லாத கையால் தட்டும்போது தோளும் தலையும் சேர்ந்து அசையும். அந்த அசைவே படத்தைக் கெடுக்கும். அதிக முயற்சி எடுத்துத் தட்டினாலே நலமானவருக்கும் பரப்பு விரியலாம். வயதும் சுகரும் இரத்தக் குழாயின் சுபாவத்தை மாற்றும்; நாம் அளப்பதோ இரத்தத்தை. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். கணக்கில் செய்ய வேண்டிய ஒரு திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் அந்த மீனின் மூளையிலும் நிறம் வந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த மீனைத்தான். நிறம் வந்தால் உடனே நம்பாதீர்கள் என்பதற்காக.

ஆனாலும் இந்த ஆய்வுகள் முக்கியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அறுவை செய்தால் யாருக்குக் கை திரும்பும், யாருக்கு அப்படியே நிற்கும் என்பதுதான் ஒவ்வொரு குடும்பமும் கேட்கிற கேள்வி. எலும்பை எவ்வளவு அழகாக விலக்கினாலும் மீதி வேலையை மேலே மூளைதான் செய்ய வேண்டும். அதில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று கழுத்துப் படம் காட்டாது. ஒரு நாள் மூளைப் படம் காட்டலாம்.

அறுவை என்றதும் வீட்டில் பெரிய சண்டை. "கழுத்துல கத்தி வச்சா கை கால் போயிடும்" என்று பெரியப்பா ஒற்றைக் காலில் நின்றார். சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவையைத் தொடங்கியது 1950-ல். இந்த ஊருக்கு அது புதுசில்லை பெரியப்பா என்று நான் கத்தியே விட்டேன். இந்த நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க 18 மதிப்பெண் கொண்ட ஒரு அளவுகோல் உண்டு, 18 என்றால் முழு நலம். அப்பாவுக்கு 13, நடுத்தர நிலை. நடுத்தரத்துக்கும் தீவிரத்துக்கும் அறுவையைத்தான் 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. மருத்துவர் பொய் நம்பிக்கை தரவில்லை. "மேல மோசமாகாம நிறுத்துறதுதான் முதல் நோக்கம். அதுக்கு மேல திரும்பினா சந்தோஷம்" என்றார். முன்கழுத்தில் சின்னக் கீறல் போட்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு டைட்டானியம் தகடு வைத்தார்கள். பின்கழுத்து நோய்க்கு ஏன் முன்னால் வெட்டுகிறார்கள் என்று அம்மாவுக்கு இன்றுவரை சமாதானம் ஆகவில்லை.

ஒரு வாரம் விழுங்கக் கஷ்டப்பட்டார். ரசம் சாதத்தைக் கூழாகக் கரைத்துக் கொடுத்தோம். நடை முதலில் திரும்பியது. ஆறாவது வாரம் செருப்பு கழன்றதை அவரே உணர்ந்து நின்று போட்டுக்கொண்டார், அம்மா எனக்கு போன் பண்ணிச் சொன்னாள். விரல் மெதுவாகத்தான் வருகிறது. பிசியோதெரபிஸ்ட் களிமண் பிசையச் சொன்னார். அப்பா பட்டன் டப்பாவைக் கொட்டிவிட்டு அளவு அளவாகப் பிரிப்பதைத் தேர்ந்தெடுத்தார். தீபாவளிக்குச் சேர்த்த ஆட்கள் இப்போது வீட்டுக்குப் போய்விட்டார்களா, அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு நாள் கேட்டார். அவர் தலைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. "அது ஆளுக்கு ஆள் மாறும்பா" என்றேன். "இருக்கட்டும், வேலை முடியட்டும்" என்றார்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிபனுக்குப் பிறகு, நான் போனில் 10 விநாடி வைப்பேன். அவர் கையை நீட்டி மூடி மூடித் திறப்பார். அம்மா சத்தம் போட்டு எண்ணுவாள். மார்கழியில் 13. மாசியில் 14, அடுத்த மாதம் மறுபடி 13. போன ஞாயிறு 16 வந்தது. "இன்னொரு தரம் வை பாப்பா, நடுவில ஒண்ணு விட்டுப்போச்சு" என்று கையை மறுபடி நீட்டினார்.